வெட்டின லேபிள்

ஏனுங்க, பாப்பா போட்டிருக்கற கவுனு எங்கீங்க எடுத்தது?

சிங்கப்பூருங்களா. உங்க வீட்டுக்காரரோட அண்ணன், மச்சாண்டாரு கொண்டாந்து கொடுத்ததா. நல்லா இருக்குதுங்க. மஞ்சள் பாப்பாவுக்கு எடுப்பா இருக்குது. இல்லீங்க, ஒண்ணுமில்லை, சும்மாதான் கேட்டேன். நெஞ்சுல அந்த வாத்துப் படத்தைப் பார்த்ததும் வாய் தன்னால வந்துருச்சு. நான் பஸ்ஸுல யார்கிட்டயும் பேசற ஆளில்லைங்க. கண்டக்டர்கிட்ட டிக்கெட் கேக்கறதுக்கே மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டுத்தான் கேப்பேன். இப்பக்கூட வெள்ளகோவில் ஒண்ணுன்னு நான் சொன்னது அவருக்குக் கேக்கலை, நீங்கதானே எடுத்துச் சொன்னீங்க.

சித்த இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க. வெயில் பாப்பா மேல அடிக்குது.

இவ என்ர புள்ளைங்க. கனிஷ்கா. ரெண்டு வயசு முடியப் போகுது. தூங்கட்டும். வெள்ளகோவில்ல எங்கம்மா வீட்டுல இவளை விட்டுட்டு நான் மட்டும் சாயங்காலம் திரும்பிடுவேன். திங்கக்கிழமையில இருந்து கம்பெனிக்குப் போகணும். இவளுக்கு இன்னும் தெரியாது. பஸ்ஸுல போலாம்னு சொன்னதும் காலையிலயே செருப்பைப் போட்டுட்டு வாசல்ல நின்னுட்டா.

கம்பெனிக்குப் போகக் கூடாதுன்னுதாங்க எல்லாம் செஞ்சது. இவளை மடியில வச்சுக்கிட்டே நாலு காசு பார்க்கலாம்னுதான். அதைக் கெடுத்துட்டாங்க. ஒரே ஆளு. சொல்றேன் கேளுங்க, காங்கயம் வர்ற வரைக்கும் நேரம் இருக்குதே.

அந்த வாத்துக் கம்பெனியோட பேரை மட்டும் சொல்ல மாட்டேனுங்க. சொல்லக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். அந்தப் பேரை எழுத்தாலயோ சொல்லாலயோ படத்தாலயோ இனி எந்த வகையிலயும் பயன்படுத்த மாட்டேன்னு. வக்கீல் படிச்சுக் காட்டினாரு. வாத்துன்னு சொல்லலாமான்னு கேக்க நினைச்சேன், கூச்சமா இருந்துச்சு, விட்டுட்டேன். சொன்னாத் தப்பிருக்காதுங்க. வாத்து எல்லாருக்கும் பொதுதானே.

நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன். அப்புறம் திருப்பூருக்கு வந்துட்டேன். முதல்ல கைமடி. தைக்கறவங்க பக்கத்துல நின்னு பீஸை எடுத்துக் கொடுத்து, மடிச்சு வைக்கற வேலை. அப்புறம் மிஷின்ல உக்கார வச்சாங்க. என்ன வேலைன்னா, லேபிள் வைக்கறது. அது ஒண்ணுதான். கழுத்துக்குப் பின்னால லேபிளை வச்சு ஒரு அடி, அடுத்த பீஸ். லேபிளை வச்சு ஒரு அடி, அடுத்த பீஸ். நான் இருந்த லைன்ல வருசம் பூரா இந்த வாத்து ஆர்டர்தான் ஓடுச்சு. எல்லாம் வெளிநாட்டுக்குப் போற குழந்தைத் துணி. எத்தனை கழுத்துல அந்த வாத்தை வச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. கோணல்னு ஒரு பீஸ் திரும்பி வந்ததில்லைங்க. எனக்குன்னு பெருமையாச் சொல்லிக்க அது ஒண்ணுதான் இருக்குது.

அப்புறம் கல்யாணம். இவ பொறந்தா. பால்குடி மறக்கறதுக்குள்ள எப்படிங்க விட்டுட்டுப் போறது. எங்க வீட்டுக்காரரு சதாசிவம், அயர்னிங்ல இருக்காரு. அவருதான் யோசனையே சொன்னாரு. "தேனு, ஆர்டர்ல மிஞ்சின துணி மூட்டை மூட்டையா வெளிய வருது. போன்ல போட்டு வித்துக்க. எவங்கிட்டயும் பேச வேண்டாம், எழுதினாப் போதும்"னாரு. என்ர பேரு தேன்மொழிங்க. எனக்கு அதுல அந்தக் கடைசி வார்த்தைதான் பிடிச்சுது. பேச வேண்டாம், எழுதினாப் போதும்.

உங்களுக்கு இந்த விசயம் தெரியாதுங்க. வெளிநாட்டு ஆர்டர்ல மிஞ்சின துணி வெளிய வர்றப்ப, கழுத்துல இருக்கற லேபிளைக் கத்தரியால பாதியா வெட்டித்தான் விடுவாங்க. வாத்துக்குத் தலை இருக்கும், உடம்பு இருக்காது. இதுக்கும் எங்களுக்கும் இனி சம்பந்தமில்லைன்னு அந்தக் கம்பெனி சொல்றதுக்கு அடையாளம் அது. மத்தபடி துணி அதே துணிதான். அதே நூல், அதே சாயம், அதே பட்டன். என்ர கையில தைச்ச பீஸே சுத்திட்டு என்ர வீட்டுக்கு மூட்டையில வந்திருக்கலாம்.

போன்ல துணி விக்கற பக்கத்தை எங்க வீட்டுக்காரருதான் ஆரம்பிச்சுக் கொடுத்தாரு. பக்கத்துக்குப் பேரு, கம்பெனிப் பேரோட திருப்பூர். "நம்ம ஊரு பேரும் இருக்குதில்ல"ன்னாரு. படமெல்லாம் கம்பெனியோட சைட்லயே இருந்துச்சு, வெள்ளை வெள்ளையா குழந்தைக, அதையே எடுத்துப் போட்டாரு. மத்ததெல்லாம் என்ர பேரு. என்ர போன் நம்பரு, என்ர ஆதாரு, என்ர பேங்கு கணக்கு. "உன்ர உழைப்பு, உன்ர பேர்லயே இருக்கட்டும்"னாரு. அப்படிச் சொல்ற ஆம்பளை எத்தனை பேருங்க இருக்காங்க? நீங்களே சொல்லுங்க.

வித்துச்சுங்க. நல்லாவே வித்துச்சு. நான் மூஞ்சி காட்ட மாட்டேன். துணியை விரிச்சு, கையை மட்டும் காட்டி வீடியோ எடுப்பேன். சிவகாசியில இருந்து, நாகர்கோவில்ல இருந்தெல்லாம் சிஸ் சிஸ்னு எழுதுவாங்க. எங்க லைன் வீட்டுல தண்ணிக் குழாய்கிட்ட நின்னா என்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. போன்ல நான் சிஸ். இவ மடியில தூங்குவா, நான் ஒரு கையால பதில் எழுதுவேன். உங்களுக்குச் சொன்னா என்னமோன்னு இருக்கும், அந்தக் கொஞ்ச காலம் நான் நல்லா இருந்தேனுங்க.

ஆனா ஒரே கேள்வி. ஒரிஜினலா சிஸ். ஒரிஜினல்தான் சிஸ். அப்புறம் ஏன் லேபிள் வெட்டியிருக்குது? ஆர்டர்ல மிஞ்சினதுன்னா செகண்ட்ஸா, ஓட்டையாங்கறாங்க. மதுரைக்காரம்மா ஒருத்தங்க எழுதினாங்க பாருங்க, "யாரு பெத்த புள்ளையோ போட்டுக் கழட்டினதை என் பேரனுக்கு அனுப்பி வைக்கிறியா"ன்னு. அன்னைக்கு நான் சோறு திங்கலைங்க. துவைச்ச துணி எது, புதுத்துணி எதுன்னு தொட்டாத் தெரியாதா எனக்கு, அது அத்தனையும் புதுசு. அதோட, அந்தப் பாதி லேபிள் இவ கழுத்துல வேற குத்துச்சு. செவந்து செவந்து போச்சு.

அவருகிட்ட அழுதேன். மறுநாளே ஒரு ரோல் லேபிள் கொண்டாந்து கொடுத்தாரு. முழு லேபிள். முழு வாத்து. எங்கீங்க வாங்கினீங்கன்னேன். "திருப்பூர்ல கிடைக்காதது என்ன இருக்குது"ன்னாரு. நான் அதுக்கு மேல கேக்கலைங்க. ஆம்பளைங்க போற இடம் வர்ற இடமெல்லாம் துருவிக் கேக்கறது எனக்கு வராது. லேபிள் கொஞ்சம் முரடு, அதை மட்டும் சொன்னேன். "விக்கறதுக்குத்தானே, நீயா போடப் போற"ன்னாரு.

மிஷின் வீட்டுல இருந்துச்சு. பாதி லேபிளைப் பிரிச்சு எடுத்துட்டு முழு லேபிளை வச்சு ஒரு அடி. அடுத்த பீஸ். நான் கம்பெனியில செஞ்ச அதே வேலைதாங்க. அதே கழுத்து, அதே வாத்து. இவ தொட்டில்ல கெடந்து பார்த்துட்டே இருப்பா. நடுவுல வெள்ளை நூல்கண்டு தீர்ந்து போச்சு, கடைக்குப் போகச் சோம்பல்பட்டுச் சந்தனக் கலர் நூலைப் போட்டேன். உத்துப் பார்த்தாத்தான் தெரியும். அதுக்கப்புறம் ஒருத்தரும் ஒரிஜினலான்னு கேக்கலைங்க. லேபிளைப் பார்த்தாங்க, வாயை மூடிக்கிட்டாங்க.

இப்பத்தான் எங்க நங்கையா கதைக்கு வர்றேன். எங்க வீட்டுக்காரரோட அக்கா, பரிமளா. அடுத்த வீடுதான், நடுவுல ஒரே செவுரு. கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசரா இருந்தவங்க, முதுகு வலின்னு நின்னுட்டு இப்ப வீட்டுல உக்காந்து, தைச்ச துணியில நூல் பிசிறு வெட்டறாங்க. புள்ளை இல்லை. வீட்டுக்காரரும் இல்லை. எதைப் பார்த்தாலும் கை வச்சு இழுத்துப் பார்த்துக் குத்தம் கண்டுபுடிக்கிற கை. சூப்பர்வைசர் கை.

ஒரு நாள் உள்ள வந்தாங்க. மிஷின் மேல இருந்த ரோலை எடுத்துப் பார்த்தாங்க. முகமே மாறிப் போச்சு.

"அம்மிணி, இது யாரு கொடுத்தா?"

நான் மிஷின்ல இருந்த பீஸை எடுத்து மடிக்க ஆரம்பிச்சேன். அவங்க முன்னால எனக்குச் சாதாரணமாவே பேச்சு வராது.

"இந்த வேலை வேண்டாம் தேனு. கம்பெனிக்காரன் வெட்டித்தானே விட்டிருக்கான், வெட்டினது வெட்டினதாவே இருக்கட்டும். லேபிள் வெட்டின மிச்சத் துணின்னு சொல்லியே வித்துக்க. வாங்கறவ வாங்கட்டும், வேண்டாங்கறவ போகட்டும். அந்தப் பேரையும் பக்கத்துல இருந்து எடுத்துப் போடு. உன்ர புள்ளை பேரை வையி. கனிஷ்கா குழந்தை உடைன்னு வையி. நல்லாத்தானே இருக்குது."

என்ர புள்ளை பேரை வச்சா எவ வாங்குவா? நீங்க வாங்குவீங்களா? உண்மையைச் சொல்லுங்க. பாருங்க, சிரிக்கிறீங்க. வயித்தெரிச்சல்ங்க. நம்ம தம்பி பொண்டாட்டி வீட்டுல உக்காந்துட்டே நாலு பேருக்கு சிஸ் ஆயிட்டாளேன்னு. நான் தலையை ஆட்டினேன். அவங்க போனதும் கதவைச் சாத்திட்டுத் தைச்சேன்.

நான் அந்தக் கம்பெனிக்கு ஒரு துரோகமும் பண்ணலைங்க. சத்தியமா. எவ்வளவு மரியாதையா வச்சிருந்தேன் தெரியுங்களா. ஒவ்வொரு படம் போடறப்பவும் கீழ கம்பெனிப் பேரை எழுதுவேன். பேருக்கு முன்னால இங்கிலீஷ் ஏ எழுத்தைச் சுத்தி ஒரு வட்டம் இருக்குமில்ல, அதைப் போட்டு எழுதினா பேரு நீல எழுத்தா மாறிடும். அழகா இருக்கும். எந்தப் படத்துக்கும் அதைப் போடாம விட்டதில்லை. பிள்ளையார் சுழி மாதிரி.

ஆயுத பூஜை வந்துச்சு. கம்பெனியில இருந்தப்ப எத்தனை பூஜை பார்த்திருக்கேன், மிஷினைத் துடைச்சு, பொட்டு வச்சு, பொரி கடலை கொடுப்பாங்க. எனக்குன்னு ஒரு மிஷினை வச்சுப் பூஜை போட்டது அன்னைக்குத்தான். மிஷினுக்குச் சந்தனம் வச்சேன், கத்தரிக்குக் குங்குமம் வச்சேன். லேபிள் ரோலை விடலாங்களா, அதுதானே சோறு போடுது. அதுக்கும் ஒரு பொட்டு வச்சு, மிஷின் மேல சாமந்திப் பூவுக்கு நடுவுல நிக்க வச்சு, போட்டோ எடுத்துப் பக்கத்துல போட்டேன். கீழ, 'எங்களை வாழ வைக்கும் கம்பெனிக்கு ஆயுத பூஜை வாழ்த்துக்கள்'னு எழுதி, கும்பிடற கை போட்டு, அந்த நீல எழுத்துல பேரையும் போட்டேன். நங்கையாளுக்கும் அந்தப் போட்டோவை அனுப்பினேன். பார்க்கட்டும்னுதான். அவங்க பதிலே போடலை. போனை வச்சுட்டு நேரா வந்தாங்க, "அதை எடுத்துரு தேனு, உடனே எடு"ன்னாங்க. பூஜைப் படத்தை எடுக்கச் சொல்ற ஆளைப் பார்த்திருக்கீங்களா? நல்ல நாள் அதுவுமா. நான் எடுக்கலை.

அடுத்த வாரமே ஒரு மேடம் போன் பண்ணினாங்க. பெங்களூர்ல இருந்து. எனக்குப் போன்ல பேசினா நாக்கு ஒட்டிக்கும், ஆனா அந்த மேடம் எவ்வளவு தன்மையாப் பேசினாங்க தெரியுங்களா. நிறைய பீஸ் வேணும்னாங்க. அளவு அளவாக் கேட்டாங்க. "லேபிளெல்லாம் நீங்களே தைப்பீங்களாமா"ன்னாங்க. ஆமாங்க மேடம்னேன். "அட, எப்படித் தைக்கிறீங்க, காட்டுங்களேன்"னாங்க. வீடியோ கால்ல தைச்சே காட்டினேன். ரோலைக் காட்டினேன். "எவ்வளவு நேரா வருது, அழகா இருக்கு"ன்னாங்க. நான் பொறந்ததுல இருந்து என்ர தையலைப் பார்த்து அழகுன்னு சொன்ன ஒரே ஆளு அந்த மேடம்தாங்க. வீட்டு விலாசத்தைக்கூட எழுதி வாங்கிக்கிட்டாங்க, தீபாவளிக்கு ஏதாச்சும் அனுப்பி வைக்கறேன்னு. பாவம், அவங்க ஆர்டரை அனுப்ப முடியலை. அதுக்குள்ள நோட்டீஸ் வந்துருச்சு. அப்புறம் நான் கூப்பிட்டா எடுக்கவே இல்லை. என்னைப் பத்தி என்ன நினைச்சாங்களோ. ஏமாத்துக்காரின்னு நினைச்சிருப்பாங்க. அதை நினைச்சாத்தான் இப்பவும் சங்கடமா இருக்குது.

ஆமாங்க, நோட்டீஸு. தபால்ல வந்துச்சு, அதே நாள் ரெண்டு பேரு நேராவும் வந்தாங்க, சட்டையை இன் பண்ணிட்டு. சத்தமெல்லாம் போடலை. மூட்டையைப் பார்த்தாங்க, மிஷினைப் பார்த்தாங்க, போட்டோ எடுத்தாங்க. பக்கம் அன்னைக்கே போச்சு. போனைத் திறந்தா இல்லை. அத்தனை சிஸ்ஸும் இல்லை. நோட்டீஸ்ல முதல் தாள்லயே என்ர பூஜைப் படம். பொட்டு வச்ச ரோலு, சாமந்திப் பூ, எல்லாம் கலர்ல.

நான் கேக்கறேன், அந்தப் போட்டோ அவங்க கைக்கு எப்படிங்க போச்சு? யாருகிட்ட இருந்துச்சு அது? நங்கையா போன்லதானே இருந்துச்சு. நானே அனுப்பி வச்சேனே, என்ர கையாலயே. எடுத்துரு எடுத்துருன்னு வந்து நின்னவங்க வேற யாரு?

நீங்க எதுக்கு அப்படிப் பார்க்கறீங்க. வக்கீலும் இதைத்தான் சொன்னாரு. "நீயேதானம்மா ஒவ்வொரு படத்துலயும் அவங்களைப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கே, அந்த நீல எழுத்து போட்டா நேரா அவங்களுக்குத்தான் போகும்"னு. அவரு அப்படித்தான் சொல்லுவாரு. அந்த வக்கீலைப் பிடிச்சுக் கொடுத்ததே நங்கையாதானே.

வக்கீல் ஆபீசுக்கு மூணு பேரும் போனோம். எங்க வீட்டுக்காரரு வண்டியை நிழல்ல நிறுத்திட்டு வர்றேன்னு கீழ நின்னுட்டாரு. நானும் நங்கையாளும்தான் மேல போனோம். வக்கீலுக்கு வயசு கம்மி, மரியாதையாத்தான் பேசினாரு.

"துணி அசல்தானுங்களே சார்"னேன். அதைக் கேக்கறதுக்கே எனக்கு வேர்த்துப் போச்சு.

"அசல்தாம்மா. நீ காசு கொடுத்து வாங்கின அசல் பொருளை நீ திருப்பி விக்கறதுல அப்படியே குத்தம் வந்துராது. பில்லை வச்சுக்கிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லி வித்திருந்தா நான் தைரியமாப் பேசுவேன். ஆனா கம்பெனிக்காரன் தன் பேரை வெட்டிட்டுக் கொடுத்த பொருள்ல நீ மறுபடி அவன் பேரைத் தைச்சிருக்கே. அவன் அடிக்காத லேபிள். அதுல இருந்து அது போலி. பக்கத்துக்கு அவன் பேரு, படமெல்லாம் அவன் எடுத்த படம். வாங்கறவங்க உன்னைக் கம்பெனி ஆளுன்னு நினைப்பாங்களா மாட்டாங்களா?"

"கம்பெனியிலயும் நான்தாங்க சார் தைச்சேன். அதே லேபிளு."

"அங்க அவங்க தைக்கச் சொல்லித் தைச்சே. இங்க யாரு சொல்லித் தைச்சே?"

நான் வாசப்படியைப் பார்த்தேன். எங்க வீட்டுக்காரரு இன்னும் நிழல் தேடிட்டு இருந்தாரு போல. "நானாத்தாங்க சார்"னேன்.

உடனே நங்கையா, நான் சொல்லி வாய் மூடலைங்க, "இல்லீங்க சார், லேபிளைக் கொண்டாந்தது இவ புருசன். என் தம்பிதான். பக்கத்தை ஆரம்பிச்சதும் அவன்தான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது, எழுதிக்குங்க"ன்னாங்க.

பார்த்தீங்களா. கூடப் பொறந்த தம்பிங்க. ஒரு வயித்துல பொறந்தவனையே மாட்டி விடப் பார்த்த ஆளு, நாளைக்கு என்னை என்ன செய்ய மாட்டாங்க? நான் விடலை. நான்தான், நான்தான்னு கையெழுத்துப் போட்டேன். எல்லாத்துலயும் என்ர பேருதானே இருக்குது, என்ர கையெழுத்துத்தான் செல்லும்னு வக்கீலும் சொல்லிட்டாரு. கீழ வந்தப்ப எங்க வீட்டுக்காரரு எனக்கு இளநி வாங்கி வச்சிருந்தாரு.

கேஸ் இல்லாம முடிச்சுக்கறோம்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்களாம். நங்கையாதான் நடையா நடந்து பேசினாங்க, பேசாம இருப்பாங்களா, தப்பு பண்ணின மனசு உறுத்தும்ல. நான் எழுதிக் கொடுக்கணும், லேபிளை ஒப்படைக்கணும், இருக்கற துணியை அவங்க ஆள் கண்ணு முன்னால வெட்டிப் போடணும். திரும்ப யாரும் விக்க முடியாதபடிக்கு.

வெட்டறதுன்னா தெரியுங்களா. குழந்தைத் துணிங்க. இத்துணூண்டு கை, இத்துணூண்டு கழுத்து. அந்த ஆளு ஓரமா நின்னு போன்ல வீடியோ எடுக்கறான். நான் கத்தரியை எடுத்து முதல் கவுனுல வச்சேன். இதே மஞ்சள், பாப்பா போட்டிருக்குதே, இதேதான். இவ ஓடி வந்து, "என்னுது என்னுது"ன்னு ஒரு முனையைப் பிடிச்சு இழுக்கறா. எங்க வீட்டுக்காரரு டீக்கடைக்குப் போயிட்டாரு. அவருக்கு இதையெல்லாம் பார்க்கத் தாங்காதுங்க, இளகின மனசு.

நங்கையா வந்து என்ர கையில இருந்து கத்தரியைப் பிடுங்கினாங்க. "புள்ளையைத் தூக்கிட்டு உள்ள போ"ன்னாங்க. கதவைச் சாத்திட்டாங்க. உள்ள இருந்து கேக்குது, சர்ரு சர்ருன்னு. ஒரு நிமிசம் நிக்கலைங்க அந்தச் சத்தம். முதுகு வலிக்காரி, குனிஞ்சு உக்காந்து அத்தனை மூட்டையையும் ஒத்தை ஆளா வெட்டித் தீர்த்தாங்க. எத்தனை ஆசை இருந்தா அப்படி வெட்டுவாங்க. மூணு நாளைக்கு எந்திரிக்க முடியாமப் படுத்துக் கெடந்தாங்க அப்புறம். கெடக்கட்டும்.

படியூர் தாண்டிருச்சுங்களா. பேச்சு சுவாரசியத்துல கவனிக்கலை.

அப்புறம் என்ன. கடனுக்கு எடுத்த துணிக்குக் காசு கட்டணும், எங்க வீட்டுக்காரரு, "திங்கக்கிழமை கம்பெனிக்குக் கிளம்பு தேனு, லேபிள் மிஷின்ல ஆள் கேக்கறாங்க"ன்னாரு. வேற கம்பெனிதான். வேற ஏதோ படம், முயலோ என்னமோ. புள்ளையை யாரு பார்க்கறதுன்னு கேட்டேன். அதுக்கும் அவங்கதான் வந்து நிக்கறாங்க. "என்கிட்ட விட்டுட்டுப் போ தேனு. நான் வீட்டுலதானே இருக்கேன். மத்தியானம் சோத்து நேரத்துக்கு நீ வந்து பார்த்துட்டுப் போயிரலாம், சாயங்காலம் தூக்கிக்கலாம்"னு. இவளும் அத்தை அத்தைன்னு அந்தச் செவுத்தைத்தான் தட்டிட்டு இருப்பா.

செய்யறதையெல்லாம் செஞ்சுட்டு இப்ப புள்ளையும் வேணுமாம்.

எங்கம்மாவுக்கு மூட்டு வலி, ஆடு மேய்க்கப் போகணும், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் என்னால வந்து போக முடியும். எல்லாம் தெரியுங்க. தெரிஞ்சுதான் கொண்டு போறேன். இவ ரெண்டு நாள் அழுவா, அப்புறம் பழகிடும். நானும் பழகிக்குவேன். ஆனா அந்த வீட்டுப் படியில என்ர புள்ளையை விட மாட்டேன். நான் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவ இல்லீங்க. இந்த ஒண்ணுலதான் நின்னிருக்கேன்.

பாருங்க, போனு. அவங்கதான். பஸ் ஏறுனதுல இருந்து கூப்பிடறாங்க. அடிச்சு ஓயட்டும்.

நீங்க எடுக்கச் சொல்லாதீங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியாது.

ஏனுங்க, பாப்பா கழுத்தைச் சொறிஞ்சுட்டே இருக்குது பாருங்க. இப்படித் திருப்புங்க. செவந்து போயிருக்குது. வேர்க்குருவெல்லாம் இல்லீங்க, லேபிள் குத்துது. அது முரட்டு லேபிளு. அப்பவே எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன்.

சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். உங்க மச்சாண்டாரைக் குத்தம் சொல்லலை. அவரு சிங்கப்பூர்ல இருந்து வந்திருப்பாரு, இதுவும் அவரு கையில வந்திருக்கும், இல்லைங்கலை. ஆனா இந்த நூலைப் பாருங்க. உத்துப் பாருங்க. கவுனு பூரா வெள்ளை நூல், லேபிள்ல மட்டும் சந்தனக் கலர். ரெண்டு முனையிலயும் ரெண்டு தடவை திருப்பி அடிச்சிருக்குது. இது என்ர தையலுங்க. நான் பெத்ததை எனக்குத் தெரியாதா.

கோவிச்சுக்காதீங்க. துணி அசல்தான். லேபிள் வாத்து மட்டும்தான் நான் வச்சது.

இருங்க, பையில பிசிறு வெட்டற கத்தரி இருக்குது. சின்னதுதான், பயப்படாதீங்க, தூங்கற குழந்தைக்கே தெரியாம எடுத்துருவேன். நாலு தையலைப் பிரிச்சா லேபிள் கையோட வந்துரும். ஒரு நாள்ல செவப்பு ஆறிடும். பாப்பாவைச் சித்த குனிய வைங்க. கையை எடுங்க.

கையை எடுங்க, லேபிளை ஏன் பொத்திக்கிறீங்க.

வேண்டாங்களா.

கல்யாண வீட்டுக்குங்களா போறீங்க. அங்க எல்லாரும் வருவாங்க. சிங்கப்பூர்னு சொல்லி வச்சிருக்கீங்க, திருப்பிப் பார்ப்பாங்க. சரிங்க. சரி. வெட்டலை. கத்தரியை உள்ள வச்சுட்டேன் பாருங்க.

காங்கயம் வந்துருச்சு, இறங்குங்க. பையை மறந்துராதீங்க. பாப்பாவைத் தோள்ல இந்தப் பக்கமாப் போட்டுக்குங்க, பார்க்கறவங்களுக்கு லேபிள் நல்லாத் தெரியும். நேராத்தான் தைச்சிருக்கேன்.